எட்டுக்கு இரண்டு பெயர்

பொம்மசந்திரா, நான்காம் மாடி.
மேசைமேல் ஒரு கார் கிடக்கிறது.
கார் என்றால் கதவில்லை, சக்கரமில்லை.
பிரேக் பெட்டி, ஜன்னல் ஏற்றும் பெட்டி, மீட்டர்,
இவற்றுக்கிடையே முறுக்கிவிட்ட இரண்டு கம்பி,
ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை.

அந்தக் கம்பியில் சண்டை கிடையாது.
இருவர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால்
சின்ன எண் பேசும்.
பெரிய எண் பாதியில் நிறுத்திக்கொள்ளும்,
கோபமில்லாமல்.
அப்புறம் முதலிலிருந்து சொல்லும்.
ஜன்னலுக்குக் கீழே ஓசூர் ரோடு.
அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று எனக்கு வேலை
எட்டுக்குப் பெயர் வைப்பது.

ஒரு தடவைக்கு எட்டு பைட்தான் பேசலாம்
என்பது பழைய கட்டளை.
யாரோ எழுதிய கோப்புகளில் அது
வெறும் எட்டாகவே நிற்கிறது,
நாற்பத்தோரு இடத்தில்.
தேடினேன், எடுத்தேன்,
பெரிய எழுத்தில், அடிக்கோடு கோத்து,
உச்ச நீளம் என்று அர்த்தம் வரும் ஒரு பெயரைப் போட்டு
சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பிவிட்டேன்.

தேஜஸ்வினி திருப்பி அனுப்பினாள்.
இருபத்தாறாவது எட்டு நீளமில்லை, பார்.
பைட்டுக்குள் இருக்கும் பிட்டுகளின் எண்ணிக்கை அது.
முப்பதாவதும் நீளமில்லை.
நீளத்தைச் சொல்லும் குறி.

எட்டுவரை இரண்டும் ஒன்றுதானே, என்றேன்.
எட்டுவரை, என்றாள்.

புது வகையில்
ஒன்பது என்று குறித்தால் பன்னிரண்டு பைட்.
பதினைந்து என்றால் அறுபத்து நான்கு.
அதுவரை கைகோத்து வந்த குறியும் அளவும்
சில்க் போர்டில் இறங்கி
ஆளுக்கொரு பஸ் ஏறிவிடுகின்றன.

ஆக, எட்டுக்கு இரண்டு பெயர்.
கம்பைலருக்கு அக்கறையில்லை,
பெயரை உரித்துப் போட்டுவிட்டு
எட்டை மட்டும் விழுங்கும்.
பெயரெல்லாம்
இன்னும் ஐந்து வருஷம் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்கு,
பிரேக் ஏன் தாமதித்தது என்று
தேடிக்கொண்டிருக்கப் போகும் ஒருத்திக்கு.

கீழே தர்ஷினியில் பை-டூ காபி.
ஒரு காபி, இரண்டு கோப்பை.
'சர்க்கரை போதுமா, இருள்?' என்கிறாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று படிவத்தில்
குடும்பப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
இனிஷியலை விரித்து இருளப்பன் என்று எழுதினேன்.
அப்பா அட்டையில் வந்தார்,
மின்னஞ்சலில் எனக்கு முன்னால் வந்தார்,
நேரமில்லாதவர்கள் அவரையும் பாதியாக்கினார்கள்.
மாற்றலாம்தான்.
ஆனால் சம்பளம், கதவு, கேன்டீன் கணக்கு
எல்லாம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன.

தேஜஸ்வினி காபியை ஆற்றியபடி
வேறெதற்கோ சொன்னாள்:
தலைப்புக் கோப்பில் ஏறிய பெயர் இறங்காது.
எந்த ஊரில் எவன் அதை நம்பி
வண்டி ஓட்டுகிறான் என்று நமக்குத் தெரியாது.
எழுத்துப் பிழையோடு ஏறினால்
பிழையோடு நிற்கும்.

மேலே வந்து ஒவ்வோர் எட்டாகத் திறந்தேன்.
இருபத்திரண்டு நீளம்.
ஒன்பது குறி.
ஆறு பிட்.
மிச்சம் நான்கு எதுவென்று
எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை,
எழுதியவர் கம்பெனி மாறிப் போய்விட்டார்.
தெரியாததற்குப் பெயர் வைக்க மனமில்லை.
அவை எட்டாகவே இருக்கட்டும்.

ஏழே முக்கால்.
மேசைமேல் கார்
மணிக்கு அறுபது கிலோமீட்டரில் அசையாமல் கிடந்தது.
அனுப்புவதற்கு முன்
பொறுப்பேற்பவர் பெயர் எழுத ஒரு வரி உண்டு.
அங்கே நட்சத்திரம் இல்லை.
இ. யாழரசி என்று அடித்தேன்.

அரை மணியில் பதில்.
எட்டெல்லாம் சரி.
ஒரே கேள்வி:
இனிஷியல் முன்னாலா, பின்னாலா?
இப்போதே சொல்லிவிடு,
ஏறினால் இறங்காது.